ரத்தினக் கம்பளமும் ஜமக்காளமும்

1

சென்ற மாதம் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதிய நண்பர் அதைச் 'சொற்களால் நெய்த ரத்தினக் கம்பளம்' என்று குறிப்பிட்டிருந்தார். தொகுப்பை நானும் படித்தேன். சுமாரான தொகுப்பு. எனக்குத் தகராறு தொகுப்போடு அல்ல, அந்த வாக்கியத்தோடு. நண்பரிடம் நேரிலேயே கேட்டேன்: ரத்தினக் கம்பளம் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை. தொட்டதுமில்லை. "ஒரு பேச்சுக்கு எழுதறதுதானே சார்" என்றார்.

ஒரு பேச்சுக்கு எழுதுவது என்ற மனோபாவம் நம் விமர்சனத்தில் எவ்வளவு தூரம் ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு இந்த ஒரு தொடரே போதும். சரித்திரத் தொடர்கதைகளில் அரசகுமாரிகள் நடந்துபோன ரத்தினக் கம்பளம், பிற்பாடு செய்தித்தாள்களில் மந்திரிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் விரிக்கப்பட்டது. இப்போது கவிதைக்கு வந்திருக்கிறது. பல நிறக் கம்பளி நூலால் முடிச்சிட்டு நெய்த ஒரு விரிப்பை, பெரும்பாலும் பாரசீகத்திலிருந்து வந்ததை, குறித்த சொல் அது. இன்று எதையும் குறிப்பதில்லை. பிரமாதம், ஆடம்பரம், வேலைப்பாடு என்று எதை வேண்டுமானாலும் அதன் மேல் உட்கார வைக்கலாம்.

இதற்கு எதிராக இன்னொரு தொடரை வைத்துப் பார்க்கிறேன். 'ஜமக்காளத்தில் வடிகட்டின பொய்.' மேற்கு மாம்பலத்தில் என் பாட்டி நாளைக்கு நாலு தடவையாவது சொல்லும் வசனம். இதை முதலில் சொன்னவர் யாரோ, அவர் ஜமக்காளத்தைத் தொட்டவர். அதன் நெசவு எவ்வளவு நெருக்கம் என்று விரலால் அறிந்தவர். அதில் வடிகட்டினால் துளிக் கசடும் இறங்காது. இறங்குவது சுத்தப் பொய். ஒரு பொருளின் அமைப்பு முழுவதும் அந்த ஏளனத்துக்குள் இருக்கிறது. 'ஜ' என்ற எழுத்தே காட்டிக்கொடுத்துவிடுகிற வெளிச்சொல்தான் ஜமக்காளமும். ஆனால் அது புழங்கி, தேய்ந்து, நம்முடையதாகிவிட்டது. கம்பளம் காலங்காலமாக இங்கே இருக்கிற சொல். இருந்தும் ரத்தினக் கம்பளம் நம் மொழியில் யார் காலும் படாமல் கிடக்கிறது.

இந்த இரண்டு விரிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, கம்பளத்தைப் பற்றி மட்டுமல்ல, மரபு என்று நாம் ஓயாமல் உச்சரிக்கும் விஷயத்தைப் பற்றியும் சிலவற்றைத் தெளிவாக்கும் என்று தோன்றுகிறது.

2

முதலில், 'பாரசீகக் கம்பளம்' என்று ஒன்று கிடையாது. தப்ரீஸ், காஷான், இஸ்ஃபஹான், கெர்மான் என்று நகரப் பட்டறைகளின் கம்பளங்கள் உண்டு. ஹெரீஸ் போன்ற கிராமங்களின் கம்பளங்கள் உண்டு. ஃபார்ஸ் பிரதேசத்தில் ஆடுகளோடு இடம்பெயரும் கஷ்காய் மக்களின் கம்பளங்கள் உண்டு. 2010-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோதுகூட ஃபார்ஸின் நெசவையும் காஷானின் நெசவையும் தனித்தனியாகத்தான் சேர்த்தது.

நெய்யும் விதம் அடிப்படையில் ஒன்றே. தறியில் பாவு இழுத்துக் கட்டப்படுகிறது. இரண்டிரண்டு பாவு நூல்களைச் சேர்த்து, கம்பளி நூலை விரலால் முடிச்சிட்டு, கத்தியால் நறுக்குகிறார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலைச் செலுத்தி, கனத்த சீப்பால் அடித்து இறுக்குகிறார்கள். பிறகு அடுத்த வரிசை. ஒவ்வொரு முடிச்சும் ஒரு நிறப் புள்ளி. அண்ணா சாலையில் ஒரு கடையில் காஷ்மீர்க் கம்பளம் ஒன்றின் மூலையை விற்பனையாளர் மடித்து, பின்பக்கத்தைக் காட்டினார். முன்பக்கத்தில் தோட்டமாக இருந்தது பின்பக்கத்தில் சின்னச் சின்ன முடிச்சுகளாக இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. இங்கே துணி என்று ஒன்று தனியாக இருந்து, அதன் மேல் சித்திரம் ஏற்றப்படவில்லை. சித்திரத்தை உருவிவிட்டால் மிஞ்சுவது வெறும் பாவும் ஊடையும். உருவமா உள்ளடக்கமா என்று நம் சிறுபத்திரிகைகள் வருஷக்கணக்கில் சண்டை போட்டனவே, அந்தச் சண்டையில் இரண்டு தரப்பாரும் இந்த மூலையை ஒருமுறை மடித்துப் பார்த்திருக்கலாம்.

இந்த முடிச்சின் நுண்மையைப் பொறுத்தே சித்திரம் என்னவாக முடியும் என்பது இருக்கிறது. ஒரு கொடியின் வளைவு வளைவாகவே தெரிய வேண்டுமானால் புள்ளிகள் மிகச் சிறியதாக, மிக நெருக்கமாக இருக்க வேண்டும். லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 340 முடிச்சுகள். பட்டுப் பாவு, கம்பளி முடிச்சு, பத்து நிறங்கள். நீளம் பத்து மீட்டருக்கு மேல், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். மொத்தம் இரண்டரைக் கோடி முடிச்சுகளுக்கும் அதிகம். அதன் ஒரு முனையில் ஹாபிஸின் ஒரு கவிதையடி, கீழே காஷானைச் சேர்ந்த மக்ஸூத் என்பவர் பெயர், ஹிஜ்ரி 946 என்ற வருஷம். நம் கணக்கில் 1539-40. கவிதையும் கையெழுத்தும்கூட முடிச்சுகள்தான். மக்ஸூத் தன் விரலால் நெய்தவர் அல்ல என்றும், வேலையை நடத்திவைத்தவர் என்றும் கருதப்படுகிறது. ஒரே சமயத்தில் பத்துப் பேர் வரை தறிமுன் உட்கார்ந்திருக்கலாம். அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

இதற்கு எதிர்முனையில் கஷ்காய்ப் பெண். அவள் முன் வரைபடம் கிடையாது. தரையில் கிடத்திய தறி. இடம்பெயரும்போது தறியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். சாயம் ஒரு முறைக்குக் கொஞ்சம்தான் காய்ச்ச முடியும். தீர்ந்தால் மறுபடி காய்ச்சுவதில் சிவப்பு கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகு கம்பளத்தின் குறுக்கே ஒரு பட்டையாக விழும். இதற்கு அப்ரஷ் என்று பெயர். தற்செயலாக விழுந்த இந்தப் பட்டையை ரசிகர்கள் ரசிக்கத் தொடங்கியதும், பட்டறைகள் அதை வேண்டுமென்றே போட ஆரம்பித்துவிட்டன. 1996-இல் மக்மல்பஃப் எடுத்த 'கபே' படம் பார்த்தவர்களுக்கு இந்த மக்களையும் அவர்கள் நிறங்களையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்களை நம்பி இந்த உலகத்துக்குள் போகவும் முடியாது. முடிச்சில் இரண்டு வகை. நூல் இரண்டு பாவையும் சமமாகச் சுற்றுவதைத் துருக்கி முடிச்சு என்றும், ஒன்றை மட்டும் முழுதாகச் சுற்றுவதைப் பாரசீக முடிச்சு அல்லது சென்னே முடிச்சு என்றும் வியாபாரிகள் சொல்கிறார்கள். சென்னே என்பது ஈரானில் குர்துகள் வாழும் ஊர், இன்று சனந்தஜ். அந்த ஊர்க்காரர்கள் போடுவது துருக்கி முடிச்சு! பெயர் வைத்தவர்கள் தறிப் பக்கம் போகவில்லை என்பது தெரிகிறது. என் நண்பரின் மூதாதையர்கள்.

3

என் வாதத்துக்கு முக்கியமானது ஹெரீஸ். தப்ரீஸுக்குக் கிழக்கே சில கிராமங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தப்ரீஸ் வியாபாரிகள் வழியாக நகர பாணிச் சித்திரங்கள் அங்கே போயின. நடுவில் பதக்கம், சுற்றிலும் வளைந்தோடும் கொடிகள். கிராமத்தாரிடம் இருந்தது முரட்டுக் கம்பளி, பருத்திப் பாவு, பெரிய முடிச்சு. வளைவு அதில் நிற்காது. அவர்கள் வளைவை உடைத்தார்கள். கொடி கோணமாயிற்று, இலை ரம்பப் பல்லாயிற்று, வட்டப் பதக்கம் எட்டு முனை கொண்ட பாறையாக எழுந்தது. வந்த சித்திரத்தைச் சரியாகப் பிரதியெடுக்கத் தெரியாத கை என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் விளைந்தது வேறு ஒரு பிரக்ஞை. இன்று ஹெரீஸ் கம்பளத்தை யாரும் தப்ரீஸின் குறைப்பிரதியாகப் பார்ப்பதில்லை.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஸீக்ளர் கம்பெனி 1880-களில் சுல்தானாபாதில் (இன்றைய அராக்) நெசவை நடத்தத் தொடங்கியது. ஐரோப்பிய வீட்டுக் கூடத்தின் அளவு, ஐரோப்பியருக்குக் கண் உறுத்தாத நிறம், பெரிதாக்கி இடைவெளி விட்ட பூக்கள். எல்லாம் ஆர்டரின் பேரில். இதே கம்பெனிதான் அர்தபீல் கோயிலிலிருந்து அந்தப் பழைய கம்பளங்களை வாங்கிக் கைமாற்றியது. கம்பளங்கள் இரண்டு, இரட்டைகள். இரண்டும் சேதமாகியிருந்தன. ஒன்றிலிருந்து எடுத்து மற்றதை ஒட்டுப்போட்டு முழுசாக்கினார்கள். வில்லியம் மாரிஸின் சிபாரிசின் பேரில் 1893-இல் லண்டன் மியூசியம் 2000 பவுனுக்கு வாங்கியது அந்த முழுசானதை. கரை இழந்த இன்னொன்று இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது. மரபின் சிகரம் என்று போற்றப்படும் பொருளுக்குள்ளேயே இப்படி ஒரு ஒட்டு.

ஹெரீஸிலும் சித்திரம் மாறியது, சுல்தானாபாதிலும் மாறியது. ஒரு இடத்தில் நெய்கிறவன் கையும் நூலும் மாற்றின. மற்ற இடத்தில் வாங்குகிறவன் கூடம் மாற்றியது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பது என் கட்சி.

புதுக்கவிதை இறக்குமதிச் சரக்கு என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. 1934-இல் 'மணிக்கொடி'யில் 'காதல்' எழுதிய ந. பிச்சமூர்த்திக்கு விட்மன் ஒரு தூண்டுதல் என்பது ரகசியமல்ல. ஆனால் விட்மனின் நீண்ட மூச்சு அவரிடம் நிற்கவில்லை. தமிழ் வரி உடைத்தது. கும்பகோணத்து வேதாந்தம் உடைத்தது. அது ஹெரீஸ். பிற்பாடு மாய யதார்த்தம் என்று பெயர் சொல்லி இங்கே வந்து குவிந்த பல கதைகளில் உடைவது எதுவுமில்லை. கருத்தரங்கக் கூடத்தின் அளவுக்கு வெட்டப்பட்டு, அங்கே உள்ள சோபாவின் நிறத்துக்குப் பொருந்துகிறது. கடன் வாங்கியதா என்பது கேள்வியே அல்ல. கடன் வாங்கியது நம் கையில் எங்கே உடைந்தது என்று விமர்சகன் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

4

இவ்வளவு தெளிவாகப் பேசுகிற எனக்கு ஒரு அடி விழுந்தது. அதைச் சொல்லாமல் முடித்தால் நியாயமாகாது. சொல்வதற்கு முன் ஜார்ஜ் பேர்ட்வுட்டைப் பற்றி ஒரு வார்த்தை.

இந்தியத் தொழிற்கலைகள் பற்றி 1880-இல் புத்தகம் எழுதியவர் பேர்ட்வுட். இந்தியக் கம்பள நெசவு சீரழிந்ததைப் பற்றி உண்மையான ஆத்திரத்தோடு எழுதியவர். சிறைகளில் மலிவாக நெய்து தள்ளியதுதான் நாசத்துக்குக் காரணம் என்றார். ஆக்ரா, லாகூர், ஏரவாடா சிறைகளில் கைதிகள் கம்பளம் நெய்தார்கள். விண்ட்ஸர் கோட்டையின் வாட்டர்லூ கூடத்தில் கிடக்கும் பிரும்மாண்டமான கம்பளம் ஆக்ரா கைதிகள் நெய்தது. பேர்ட்வுட்டின் ஆத்திரம் நியாயமே. ஆனால் இதே மனிதர் இந்தியாவில் சிற்பமோ ஓவியமோ நுண்கலையாக இல்லை என்றும் சொன்னார். 1884-இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைவராக வந்த ஹாவெல், பின்னாளில், 1910 ஜனவரியில், லண்டனில் ஒரு கட்டுரை வாசித்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு ஜாவா புத்தரின் படத்தைப் பார்த்துவிட்டு, கொழுப்புச் சேர்த்து வேகவைத்த மாவுருண்டைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை என்ற அர்த்தத்தில் பேசினார் பேர்ட்வுட். நெசவாளியிடம் அவ்வளவு பரிவு, சிற்பியிடம் இவ்வளவு ஏளனம். இரண்டும் ஒரே பார்வையிலிருந்து வருபவை என்று நினைக்கிறேன். கைவினைஞன் அப்பன் பாட்டன் செய்ததைத் திருப்பிச் செய்துகொண்டிருக்கும்வரை அவன் அழகு. அவனுக்கென்று ஒரு யோசனை உண்டு என்றால் சங்கடம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பவானி பக்கம் ஒரு கிளையில் இரண்டு வருஷம் இருந்தேன். காவிரியும் பவானியும் கூடும் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மில் துணி வந்து இறங்கியபோது, அங்கே ஜங்கமர் என்ற நெசவாளர்கள் புடவையை விட்டுவிட்டு, முரட்டுப் பருத்தி நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். அதுதான் பவானி ஜமக்காளம். முடிச்சு கிடையாது. குழித்தறி. சாயம் தோய்த்த தடித்த ஊடை, பாவை முழுக்க மூடும்படி அடித்து இறுக்கப்படுகிறது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று குறுக்கே பட்டைகள். அந்த நூலில் பூ வராது. வரும் என்று அவர்கள் பாவனை செய்யவில்லை. எத்தனை அகலத்துக்கு ஒரு நிறம், அதன் பக்கத்தில் எது, எங்கே ஒரு மெல்லிய கறுப்பு என்ற தீர்மானங்கள் மட்டுமே. எனக்கு அது ஹெரீஸாகத் தெரிந்தது. நெருக்கடியில் நூலே கற்றுக்கொடுத்த வடிவம். அதற்குப் பின்னால் கரையில் செயற்கைப் பட்டு கொண்டு பூவும் மயிலும் போடும் வகை ஒன்றும் வந்தது. எனக்கு அது ஸீக்ளராகத் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் தறி வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன், இதைவிட மரியாதையான வார்த்தைகளில். பட்டை ஜமக்காளம்தான் அழகு, மயில் எதற்கு என்றேன். அவர் குழியிலிருந்து ஏறவில்லை. மிதியில் கால் இருந்தபடியே சொன்னார்:

"பட்டைக்கு என்னங்க வெல கெடைக்குது? மயிலு போட்டா நாலு காசு சேத்திக் கேக்கலாமுங்க. நீங்க பேங்குலதான இருக்கறீங்க? லோனு குடுக்க முடிஞ்சா குடுங்க. டிசைனு நாங்க பாத்துக்கறமுங்க."

எனக்குள் உட்கார்ந்திருந்த பேர்ட்வுட் எழுந்து வெளியே போன மாதிரி இருந்தது. முழுக்கப் போய்விட்டார் என்று சொல்ல மாட்டேன். ஏனென்றால் அந்த மயில் இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவர் அதை நெய்யாமலிருக்க வேண்டும் என்று சொல்ல உரிமை இல்லை. விமர்சகனின் எல்லை எங்கே முடிகிறது என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. சுல்தானாபாதில் தறிமுன் உட்கார்ந்திருந்தவர்களை யாராவது கேட்டிருந்தால் அவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்களோ என்னவோ. ஹெரீஸையும் ஸீக்ளரையும் பிரித்துக் காட்டிய என் கோடு அழிந்துவிடவில்லை. நான் நினைத்த அளவு நேராக இல்லை.

லோனும் நான் கொடுக்கவில்லை. கொடுக்கும் நாற்காலியில் நான் இல்லை. விண்ணப்பத்தை வாங்கி, முத்திரை குத்தி, மேலே அனுப்பினேன்.

5

ஜமக்காளம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகம். 1985-ஆம் வருஷத்து ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் அதை விசைத்தறியில் நெய்யக் கூடாது. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டும் இருந்தும், விசைத்தறியில் வேறு ஊர்களில் ஓட்டியது அந்தப் பெயரிலேயே கடைக்கு வருகிறது, பாதி விலைக்கு. சட்டம் பெயரைக் காக்கப் பார்க்கிறது. தறியில் அடுத்து உட்கார ஆள் வேண்டுமே, அது சட்டத்தின் விஷயமாக இல்லை. நான் போய்வந்த தெருவில் பெரியவரின் பையன்கள் யாரும் குழியில் இறங்கவில்லை.

எங்கள் இலக்கியக் கூட்டம் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடியில் நடக்கும். அங்கே விரிப்பது பவானியில் வாங்கி வந்த பட்டை ஜமக்காளம். ரத்தினக் கம்பளத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. இதற்கு இல்லை. எந்தப் பக்கம் போட்டாலும் அதே பட்டைகள். பன்னிரண்டு வருஷத்தில் காபியும் மழையும் சண்டையும் பார்த்தாகிவிட்டது. ஒரு முறை அதன் மேல் சொம்புத் தண்ணீர் கவிழ்ந்து, கீழே இறங்காமல் சற்று நேரம் குளமாக நின்றது. பாட்டியின் வசனத்தை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

போன மாதம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் விரித்திருந்தது வேறு. பட்டைகள் அதே வரிசை. கையில் எடுத்தால் கனமில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கினால் அந்தப் பக்கம் தெரிந்தது. பாட்டி இப்போது இல்லை. அவள் வசனத்தை என் பெண் சொல்கிறாள், எட்டு வயது. எந்தத் துணியைத் தொட்டு அதைச் சொல்கிறாள் என்று கேட்டால், என் நண்பர் ரத்தினக் கம்பளத்துக்குச் சொன்ன பதிலைத்தான் அவளும் சொல்ல நேரும். அது வருவதற்குள் அவளை ஒரு தடவை பவானிக்கு அழைத்துப் போக வேண்டும்.